அர்செனுக்கு விற்ற லின்க்ஸ் தோல்கள்

வாபூஸ் ஏரி,
1988 ஏப்ரல் 24, ஞாயிறு

அன்பு மகள் விதாலினுக்கு அம்மா செலஸ்தின் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நான் சுகம், நாய்கள் மூன்றும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அங்கே மாண்ட்ரியலில் நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தப் பாழாய்ப்போன இருமல் விட்டு, நிம்மதியாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் தபால் விமானத்தில் வந்தது. நீ தோல் கோட்டு தைக்கும் பட்டறையை மே மாதத்தோடு மூடப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது, அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைக்காதே, கடைசிவரை படித்தால் உனக்கே விளங்கும். ஏரிப் பனி இன்னும் உடையவில்லை, கரையோரம் மட்டும் கறுத்துக் கிடக்கிறது. காட்டு வாத்துக்கள் புதன்கிழமை வந்தன, கிழவர் ஜெரோம் இரண்டு சுட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார், கண் சரியாகத் தெரியாத மனிதர் எப்படிச் சுட்டார் என்று கேட்டால் வாத்துதான் என்னைப் பார்த்தது என்கிறார். நீ கேட்ட மூஸ் மான் தோல் காலணிக்கு மேல்பாகம் மணி கோத்து முடித்தாயிற்று, அடிப்பாகம் இன்னும் தைக்கவில்லை, அடுத்த விமானத்துக்குள் முடிக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அர்செனை முடித்துவிட்டேன். பயப்படாதே, துப்பாக்கியைத் தொடவில்லை, ஆள் உயிரோடுதான் இருக்கிறான், நேற்றுகூடக் கடை வாசலில் குந்தியிருந்தான். செத்துப்போனது தோல் வியாபாரி அர்சென். அவன் உன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், உனக்குப் பெரியப்பா முறை, போன கடிதத்தில்கூட அர்சென் பெரியப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய், நான் சொல்லவில்லை, இனி அந்த முறை வைத்து எழுதாதே. உன் அப்பா பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போனார் என்பது உனக்குத் தெரியும். அவரை அந்தப் பனிமேல் அனுப்பியது யார் என்பது தெரியாது. நீ அப்போது பிரின்ஸ் ஆல்பர்ட்டில் தையல் படித்துக்கொண்டிருந்தாய், அடக்கத்துக்கு அழுதுகொண்டே வந்தாய், அழுதுகொண்டே போனாய், சின்னப் பெண் தலையில் இதையும் ஏற்ற வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்போது நீ வளர்ந்துவிட்டாய், கணக்கும் தீர்ந்துவிட்டது, அதனால் சொல்கிறேன்.

அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறதா, காடு முழுக்க முயல். முயல் பெருகினால் அதைத் தின்கிற லின்க்ஸ் பூனையும் பெருகும், உன் அப்பா பொறி வைத்த இடமெல்லாம் லின்க்ஸ் விழுந்தது. எல்லாம் முதல்தரத் தோல், நல்ல குளிரில் பிடித்தவை, வயிற்று மயிர் விரல் நீளம், ஊதினால் அடிவரை வெள்ளையாகப் பிரியும். பலகையில் இழுத்துக் காயவைத்து வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார், மார்ச் ஏலத்துக்கு அனுப்புவதாகத் திட்டம். அதற்குள் நுரையீரலில் சளி கட்டிப் படுத்துவிட்டார். காய்ச்சல் உச்சியில் இருந்தபோது அர்சென் வந்தான். அப்போதே அவன் பொறி வைப்பதை விட்டு ஊர் ஊராகத் தோல் வாங்கிக்கொண்டிருந்தான். நான் மூஸ் நாக்கு வேகவைத்திருந்தேன், உன் அப்பாவுக்காக வைத்திருந்ததில் நல்ல துண்டை வெட்டி அவன் தட்டில் போட்டது இந்தக் கைதான். தின்றுகொண்டே சொன்னான், "தம்பி, உன்கிட்ட பொய் சொல்ல எனக்கு வாய் வராது. சந்தை செத்துப்போச்சு. நியூயார்க்ல ஒரு பய லின்க்ஸைத் தொடமாட்டேங்கறான். மார்ச் வரைக்கும் வச்சிருந்தேன்னா நாய்க்கு விரிக்கத்தான் ஆகும். நம்ம ரத்தமாச்சேன்னு பாக்கறேன், ஒண்ணுக்கு அறுபது டாலர் போட்டு எடுத்துக்கறேன்." உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் தோல் விலை என்ன கண்டேன், அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். மொத்தத்தையும் கட்டி எடுத்துக்கொண்டு போனான். நாக்கு நல்லா வெந்திருக்கு என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

மார்ச் ஏலத்தில் லின்க்ஸ் அதைப்போல் ஏழு மடங்குக்குப் போயிற்று. ரேடியோவில் சொன்னார்கள். உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், கொஞ்சம் தேநீர் கொடு என்றார், அவ்வளவுதான். பனிவண்டிக்குக் கட்ட வேண்டிய தவணை பாக்கி இருந்தது, உன் படிப்புக்கு அனுப்ப வேண்டியது இருந்தது. உடம்பு தேறுவதற்குள் மே மாதம் வந்துவிட்டது, எல்லோரும் பொறியைக் கழுவி வைத்துவிட்டார்கள், அவர் மட்டும் சதுப்பில் கஸ்தூரி எலி பிடித்து இழப்பைக் கட்டிவிடுகிறேன் என்று கிளம்பினார். ஏரிப் பனி கறுத்து மெலிந்துவிட்டது, வேண்டாம் என்றேன். "இன்னும் தாங்கும்டி" என்றார். தாங்கவில்லை.

அடக்கத்துக்கு முந்தின நாள் வீடு நிறைய ஆட்கள், புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். வெளியே ஆண்கள் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அர்சென் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது, "வெலை தெரியாதவன் பொறி வைக்கக் கூடாதுடா." யாரோ ஒருவன் சிரித்தான், யார் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்திருந்தால் அவனுக்கும் ஒரு வழி பார்த்திருப்பேன். ஜன்னலை மூடிவிட்டு உள்ளே வந்து அர்செனுக்கே தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு மனதில் ஒன்று சொல்லிக்கொண்டேன், இவனை விலையால்தான் அடிக்க வேண்டும், வேறு எதால் அடித்தாலும் இவனுக்கு வலிக்காது என்று.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும், உன் அப்பா பொறி வைத்த காட்டுத் தடத்தை என் பெயருக்கு எழுதி வாங்கினேன், பொறி வைத்தேன், ஊர் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது. ஆனால் பொறி வைப்பதைவிட நான் கவனமாகக் கற்றுக்கொண்டது எதை எப்போது விற்பது என்பதைத்தான். கறுத்த மார்ட்டன் மரநாய்த் தோலை முதல் ஏலத்துக்கே அனுப்பு, லின்க்ஸையும் நரியையும் மார்ச் வரை பிடித்து வை, பீவர் கடைசி, வாசலுக்கு வந்து கேட்கிறவனுக்கு எதையும் விற்காதே. ரேடியோ கேட்டேன், ஏலத்துக்குப் போய்வரும் லாரிக்காரனுக்குப் பானக் ரொட்டி சுட்டுக் கொடுத்து விலை கேட்டேன், கேட்டதையெல்லாம் ஊருக்குச் சொன்னேன். கோவில் கூடத்தில் பிங்கோ விளையாடும்போதுகூட அதையே சொல்வேன், அடுத்த எண்ணைக் கூப்பிட விடுடி என்று திட்டுவார்கள். ஆனாலும் கேட்டார்கள். வருஷா வருஷம் அர்செனுக்கு வாசலில் கிடைக்கிற தோல் குறைந்துகொண்டே வந்தது. போன வருஷம் லின்க்ஸ் அறுநூறைத் தொட்டபோது அவன் கையில் இருந்தது கிழிந்த தோல்கள்தான், நாங்கள் எல்லோரும் ஏலத்தில் நேராக விற்றுவிட்டோம். அவன் வெந்துபோனான். அடுத்த குளிர்காலம் ஒரு தோல் விடமாட்டேன், ஏல விலையை வாசலிலேயே கொடுத்து அள்ளப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். வீட்டையும் லாரியையும் காட்டி வங்கியில் பெரிய கடனாக வாங்கினான்.

அந்தச் சமயத்தில்தான் நீ கடை ஃபோனுக்குக் கூப்பிட்டாய், அக்டோபர் கடைசியில். பங்குச் சந்தை விழுந்ததிலிருந்து பணக்காரிகள் கடைப்பக்கமே வருவதில்லை, போன வருஷக் கோட்டே இன்னும் ஆணியில் தொங்குகிறது, தோல் வாங்குவதை முதலாளி நிறுத்திவிட்டார், உன்னோடு வேலை செய்த இரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தோலுக்காக மிருகத்தைக் கொல்வது பாவம் என்று தெருவில் சில பெண்கள் கோட்டு போட்டவர்கள்மேல் சாயம் ஊற்றுகிறார்கள் என்றெல்லாம் சொல்லி அழுதாய். நான் உனக்கு ஆறுதல் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் என் காது வேறொன்றைப் பிடித்துவிட்டது. கோட்டு தொங்கினால் தோல் தொங்கும், தோல் தொங்கினால் மார்ச் ஏலம் தொங்கும். ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தபோது முழங்கால் வலியே தெரியவில்லை மகளே. அன்றிரவு ஜெபமாலையில் மாதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், விலை விழ வேண்டும், நன்றாக விழ வேண்டும், அடி தெரியாமல் விழ வேண்டும்.

அடுத்த பிங்கோவில் ஒவ்வொருவராகத் தேநீர் ஊற்றுகிற சாக்கில் அழைத்துச் சொன்னேன், இந்த வருஷம் மார்ச் வரை வைக்காதே, பிடித்ததைப் பிடித்த சூட்டோடு அர்செனுக்கு விற்றுவிடு, போன வருஷ விலை கேள், கொடுப்பான். கிழவர் ஜெரோம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டி, நாலு வருசமா வச்சிரு வச்சிருன்னு உயிரை வாங்கினது நீதானே? இப்ப வித்துடுங்கற. அதுவும் அவனுக்கு. குடிச்சிருக்கியா?" என்றார். இந்த வருஷம் ஏறாது தாத்தா என்றேன். "யாரு சொன்னா?" என்றார். என் மகள் தைத்த கோட்டு ஆணியில் தொங்குகிறது, அது சொல்லிற்று என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார், பிறகு பல் இல்லாத வாயைத் திறந்து ஒரு சிரிப்பு சிரித்தார் பார், உன் அப்பா போன பிறகு அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அப்ப என் கிழட்டு நரியக்கூட அவன் தலையில கட்டிடறேன்" என்றார். கட்டினார். ஊரே கட்டிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அர்செனின் கொட்டகைக்கு முன் வண்டிகள் வரிசையாக நின்றன. ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வெளியே போகவில்லை, எதிரே இருக்கிற வீட்டில் அடுப்பில் என்ன வேகிறது என்பதையே மறைக்கத் தெரியாத ஊர் இது.

நான் மட்டும் விற்கவில்லை. லின்க்ஸுக்குக் கண்தான் எதிரி என்று உன் அப்பா சொல்வார், பொறிக்கு மேலே கிளையில் ஒரு இறகைக் கட்டித் தொங்கவிட்டால் போதும், அது என்ன ஆடுகிறது என்று பார்க்க வரும். நானும் என் பதினேழு தோலையும் கழுவிச் சீவி முன்னறையில் ஜன்னலுக்கு நேரே தொங்கவிட்டேன், தெருவில் போகிறவன் பார்க்காமல் போக முடியாது. அர்சென் மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டு நாலாம் தடவை கதவைத் தட்டினான். வாங்க பெரியத்தான் என்றேன், நாற்காலி போட்டேன். விலை கேட்டான், விற்பதாக இல்லை என்றேன். போன வருஷ விலை தருகிறேன் என்றான், பார்க்கலாம் என்றேன். அவன் கண் சுருங்கிற்று. "விதாலின் அங்க தோல் பட்டறையிலதானே இருக்கா? என்ன சொல்றா பொண்ணு?" என்று மெதுவாகக் கேட்டான். கடை நிறையக் கோட்டு இருக்காம் என்றேன். அவ்வளவுதான் மகளே, அதற்குமேல் ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. "நான் சொன்னேன்ல, சந்தை விழுந்தா என்ன, பணக்காரிக்குக் குளிராமப் போயிடுமா?" என்று தொடையில் தட்டிக்கொண்டான். போன வருஷ விலைக்கு மேலே நாற்பது வைத்துக் கேட்டான். நான் யோசிப்பதுபோல் அடுப்பில் விறகு வைத்தேன், எழுந்து நாய்க்குத் தண்ணீர் வைத்தேன், திரும்பி வந்தபோது இன்னும் பத்து கூட்டியிருந்தான். கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது.

பிப்ரவரியில் லாரிக்காரன் சொன்னான், ஏலக்கூடத்தில் தோலை விரித்து வைத்திருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் கையைப் பையில் விட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று. அர்சென் அங்கே அனுப்பியிருந்த தன் தோலை ஏலத்தில் விடவில்லை, மார்ச்சில் ஏறும் என்றான். மார்ச்சில் லின்க்ஸ் பாதிக்கும் கீழே போயிற்று, அந்த விலைக்கு மாட்டேன் என்று பிடித்து வைத்தான். அடுத்த ஏலத்தில் அதிலும் பாதி. நரியைக் கேட்க ஆளே இல்லை. வங்கிக்காரன் முதலில் லாரியை எடுத்தான், பிறகு பனிவண்டியை, வீட்டுக் கதவில் காகிதம் ஒட்டியிருக்கிறது. ஏலக்கூடத்தில் இருக்கிற தோலையும் எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்து, தெரிந்த லாரிக்காரனைக் கெஞ்சிக் கொஞ்சம் கட்டுகளைத் திரும்ப வரவழைத்தான். கடையில் அவனுக்குக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், நான் வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தேன், எடுத்த மாவு மூட்டையை அவன் திரும்ப அலமாரியில் வைத்ததைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றே நின்று பார்த்தேன்.

ஒன்று மட்டும் சரியாக நடக்கவில்லை, அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. என் அண்ணன் மகன் பப்திஸ், அர்செனின் மகள் லியோனியைக் கட்டியவன், அவனுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றிரவே மாமனார் காதுக்குப் போய்விடும். அவன் குளிர்காலம் முழுக்கப் பிடித்ததை விலை பேசாமல் மாமனாரிடம் கொடுத்து, விற்றபின் பங்கு வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்தான், ஒரு காசு வரவில்லை. ஒரு நாள் மதியம் வந்து வாசலிலேயே நின்றான், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "ஊருக்கெல்லாம் சொன்னீங்க அத்தை. எனக்கு மட்டும் சொல்லலியே" என்றான். உனக்குச் சொன்னால் உன் பெண்டாட்டிக்குத் தெரிந்துபோகுமே என்றேன். "அவ உங்களுக்கு என்ன பண்ணா? அவ வயித்துல இருக்கறது என்ன பண்ணுச்சு?" என்றான். இந்த வசந்தத்துக்கு நம் சதுப்பை நீ எடுத்துக்கொள், கஸ்தூரி எலி நிறைய இருக்கிறது, ஆனால் பனி முழுக்கப் போனபின் படகில்தான் போக வேண்டும், பனிமேல் ஒரு அடி வைத்தாய் என்று கேள்விப்பட்டால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்றேன். தலையசைத்தான். மறுநாள் வந்து பொறிகளை வாங்கிக்கொண்டு போனான். ஆனால் அத்தை என்று கூப்பிடவில்லை, இன்னும் கூப்பிடவில்லை, தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொடுகிறான், யாரோ போல.

ஈஸ்டர் முடிந்த வாரம் அர்சென் வந்தான், முதுகில் ஒரு சாக்கு, நடந்தே வந்தான். நான் நாற்காலி போடவில்லை. நின்றபடியே, "ஊர்ல பேசிக்கறாங்க. நீ தெரிஞ்சேதான் பண்ணியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "நான் கேட்டேனே, பொண்ணு என்ன சொல்றான்னு வாய் விட்டுக் கேட்டேனே" என்றான். கடை நிறையக் கோட்டு இருக்கிறது என்று சொன்னேன், இருந்தது, இன்னமும் இருக்கிறது என்றேன். பிறகு சாக்கை மேஜைமேல் வைத்தான். "உன்னோட லின்க்ஸ்தான். இதையாவது எடுத்துக்கோ. எவ்வளவாவது குடு, மாவுக்கும் எண்ணெய்க்கும் ஆகட்டும்" என்றான். ஒவ்வொன்றாக எடுத்து விரித்தேன், ஊதிப் பார்த்தேன், அவசரமே இல்லாமல் பார்த்தேன், ஒன்றின் வயிற்றில் கிழிசலை நான் சிவப்பு நூலால் தைத்திருந்தேன், அதுவும் அப்படியே இருந்தது, பதினேழும் என்னுடையவைதான். அறுபது என்றேன். அவன் புரியாமல் பார்த்தான். "ஒண்ணுக்கு அறுபது டாலர், பெரியத்தான். நம்ம ரத்தமாச்சேன்னு பாக்கறேன்" என்றேன். விதாலின், ஒரு மனிதனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இன்றைய கேடுகெட்ட ஏலத்தில்கூட அதற்குமேல் கிடைக்கும், அது அவனுக்கும் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தம்பி ஒனெசிம் சாவான்னு நான் நெனைக்கல செலஸ்தின், மாதா மேல சத்தியமா நெனைக்கல" என்றான். சாவார் என்று நினைத்தாயா என்று நான் கேட்கவில்லை, அந்த லின்க்ஸ் அறுபதுக்குமேல் போகும் என்று தெரிந்துதானே வாங்கினாய் என்று கேட்டேன். பணத்தை எண்ணி வைத்தேன், அவன் எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு போனான். அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது, கொடுக்கவில்லை. இந்த வீட்டுக்குள் வந்த ஒருவரைத் தேநீர் கொடுக்காமல் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

மனது ஆறிற்றா என்று கேட்பாய், நீ அப்படித்தான் கேட்பாய், உன் அப்பா மகள். ஆறிற்று. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பழிவாங்கினால் வாய் கசக்கும் என்பார்கள், எனக்குக் கசக்கவில்லை. பப்திஸை நினைத்தால் மட்டும் நெஞ்சில் முள் குத்துகிறது, உன் பட்டறையை நினைத்தாலும் குத்துகிறது. விலை விழ வேண்டும் என்று மாதாவிடம் கேட்டபோது அது எங்கெங்கே விழும் என்று நான் யோசிக்கவில்லை, மலையிலிருந்து உருட்டிவிட்ட கல் யார் வீடு என்று பார்த்தா விழும், என் பிள்ளை தலைமேலும் விழுந்துவிட்டது. அதற்கு மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அர்செனிடம் இல்லை. கவனமாக இரு, கடைசி வாரச் சம்பளத்தைப் பணமாகவே வாங்கு, பணம் இல்லை, பதிலுக்கு ஒரு கோட்டு எடுத்துக்கொள் என்று முதலாளி சொன்னால் வாங்காதே, அதை விற்க உன்னால் முடியாது. வாடகையை முன்கூட்டிக் கொடுத்துவிடாதே. வேறு வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து இரு, வருவதற்கான டிக்கெட்டுக்கு அர்சென் கொடுத்த பணம் இருக்கிறது, அவன் பணத்தில் நீ வந்து இறங்கினால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். மீன் காயப்போட ஆள் வேண்டும், உன் கை வேகம் எனக்கு இப்போது இல்லை. வந்தால் பப்திஸ் வீட்டுக்குப் போய் லியோனியைப் பார், உன்னிடம் அவர்கள் பேசுவார்கள்.

போன ஞாயிறு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன், புதிதாக வந்திருக்கிற சின்ன வயதுச் சாமியார், தாடிகூடச் சரியாக முளைக்கவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, அர்சென் கேட்டபோது நீங்கள் பொய் சொன்னீர்களா என்றார். இல்லை சாமி என்றேன். உண்மையைச் சொன்னீர்களா என்றார். அதைத்தான் சாமி சொன்னேன் என்றேன். பெருமூச்சு விட்டார். வருத்தப்படுகிறீர்களா என்றார், முழங்கால் வலிக்கிறது சாமி, சீக்கிரம் சொல்லுங்கள் என்றேன். கடைசியில், தினமும் அர்செனுக்காக ஒரு ஜெபமாலை சொல்ல வேண்டும், அதுதான் உங்களுக்குத் தண்டனை என்று எழுப்பி அனுப்பினார். சொல்கிறேன் மகளே, ஒரு நாள் விடவில்லை. அந்தப் பதினேழு தோலையும் நான் விற்கப் போவதில்லை, மூஸ் இறைச்சியை ஜெரோம் வீட்டுக்கு மாற்றிவிட்டு ஃப்ரீசரில் அடுக்கியிருக்கிறேன், பூச்சியும் கொழுப்பும் தோலைக் கெடுக்காமல் வருஷக்கணக்கில் எப்படி வைப்பது என்று உன் பட்டறையில் வயதானவர்களிடம் கேட்டு மறக்காமல் எழுது. விழுந்த சந்தை என்றைக்காவது எழும், பத்து வருஷம் ஆகட்டும், அன்றைக்கு அவற்றைத் தெருவில் காயப்போட்டு, அவன் கண் முன்னால் அறுநூறுக்கு விற்பேன். அவனுக்கு இப்போதே அறுபத்தாறு, போன மாதம் நெஞ்சு வலி என்றுகூடச் சொன்னார்கள். அதனால் ஜெபமாலையில் அவனுக்கு நீண்ட ஆயுளும் நல்ல கண்பார்வையும் கேட்கிறேன், மனதார, கண்ணீர் விட்டுக் கேட்கிறேன். நீயும் படுக்கும்முன் அவனுக்காக ஒரு மந்திரம் சொல்லு கண்ணே.

மாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காக்கட்டும், நீ நடக்கிற பனி தாங்கட்டும், நீ தொடுகிற தையல் பிரியாமல் இருக்கட்டும். கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள அம்மா,
செலஸ்தின்